பிழைத்தோர் எங்ஙனம் பிழைத்தனர்?

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள், அகமதாபாத் நகரினின்று லண்டனுக்குப் புறப்பட்ட விமானம், மேலெழுந்து ஒரு நிமிடமும் நிரம்பாமுன் வீழ்ந்து எரிந்தது. அதன்கண் இருந்தோர் 242 பேர். அவருள் 241 பேர் மாண்டனர். ஒருவர் மட்டும் தம் காலால் நடந்து வெளிவந்தார். அவர் அமர்ந்திருந்த இருக்கையின் எண் மறுநாளே நாடெங்கும் பேச்சாயிற்று. அஃது இராசியுள்ள எண் என்றனர் சிலர். இனிப் பிரயாணம் செய்யின் அவ்விருக்கையையே கேட்டு வாங்குவோம் என்றனர் வேறு சிலர். அவ்விருக்கை வெளியேறும் கதவை அடுத்திருந்தமையையும், விமானத்தின் அப்பகுதி தரையில் எவ்வாறு படிந்தது, வழி எவ்வாறு திறந்தது என்பனவற்றையும் வினவியவர் மிகச் சிலரே. எண் கிடைத்தது; காரணம் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

தமிழ் பயிலும் மாணாக்கர் எஞ்சினையும் இறக்கையையும் பற்றி எழுதப் புகுதல் என்னை என்று பௌதிக வகுப்பு நண்பர் நகைத்தல் கூடும். நகைக்க. எம்மை இப்பொருளின்பால் ஈர்த்தவை சொற்களே. விபத்தைக் கூறும் செய்தி எதனை எடுத்து நோக்கினும், இறந்தோரைப் 'பலியானார்' என்றும், எஞ்சினோரை 'உயிர் தப்பினார்' என்றும் எழுதக் காண்கின்றோம். பலி என்பது தெய்வத்துக்கு இடப்படுவது. கொள்வார் ஒருவர் உளராயினன்றிப் பலி என்பது இல்லை. தப்புதலோ, வேடன் எய்த அம்புக்கு மான் விலகினாற்போல்வது. இவ்விரு சொல்லும் சேர்ந்து, மேலே ஒருவன் அமர்ந்து எண்ணி எண்ணி எடுத்துக்கொண்டான் போலவும், அவன் கைக்கு அகப்படாதவரே மீண்டனர் போலவும் ஓர் ஓவியத்தை நம் மனத்தில் தீட்டிவிடுகின்றன. தீட்டியபின் ஆராய்தற்கு யாது உளது? 'தேவகிருபையால் பிழைத்தார்' என நம்மவர் கூறும் வழக்கினையும் யாம் இழித்துரையோம். பிழைத்தவர் முழந்தாளிட்டு நன்றி கூறுதல் தக்கதே. ஆயினும், பக்கத்து இருக்கையில் இருந்து மாண்ட சிறுவனைக் கிருபை மறந்தது என்று கூற எவருக்கு நா எழும்? அவன் இறந்தமைக்கு அறியத்தக்க காரணம் உண்டு. மற்றவர் பிழைத்தமைக்கும் அங்ஙனமே உண்டு. அக்காரணத்தைத் தேடுதல் விபத்து விசாரணையின் இரண்டாம் பாதி. முதற்பாதி, விமானம் ஏன் வீழ்ந்தது என்பது. நம் நாட்டிலோ பேச்சு முதற்பாதியோடு, அதிலும் குற்றம் எவருடையது என்பதோடு, நின்றுவிடுகின்றது. இதுவே எம் குறை.

விமானம் வீழ்ந்தால் அனைவரும் மாள்வர், இதில் இரண்டாம் பாதி ஏது என்பாரும் உளர். ஐக்கிய அமெரிக்க நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1983 முதல் 2000 வரை அந்நாட்டு விமானக் கம்பெனிகளுக்கு நேர்ந்த 568 விபத்துகளை எடுத்து, அவற்றில் இருந்தோரை எண்ணிப் பார்த்தது. இருந்தோர் 53,487 பேர். பிழைத்தோர் 51,207 பேர். நூற்றுக்கு 95-க்கு மேல். இக்கணக்கில் சிறு விபத்துகளும் அடங்குமாதலின் இது மிகையாகத் தோன்றலாம். எனினும், தீயும் பெருஞ்சேதமும் நேர்ந்த 26 கொடிய விபத்துகளைத் தனியே பிரித்து நோக்கிய இடத்தும், இருந்தோரிற் பாதிக்கு மேற்பட்டவர் பிழைத்தமை காணப்பட்டது. ஆகவே சாவு நிச்சயமன்று. நிச்சயம் என்று எண்ணுதல் நம் சோம்பல்.

நம் நாட்டில் நிகழ்ந்த இரண்டினை அருகருகே வைத்து நோக்குவோம். 2010 மே 22-ஆம் நாள் மங்களூரிலும், 2020 ஆகஸ்ட் 7-ஆம் நாள் கோழிக்கோட்டிலும் நேர்ந்தவை அவை. இரண்டு விமானமும் துபாயினின்று வந்தவை, ஒரே கம்பெனியுடையவை, போயிங் 737-800 என்னும் ஒரே வகையின. இரண்டு ஓடுபாதையும் குன்றின் தலையைச் சீவி மேசைபோற் சமனாக்கி இட்டவை. இரண்டிலும் விமானம் தரை தொடவேண்டிய இடத்தைக் கடந்து தொட்டு, பாதையின் முடிவில் நில்லாது பள்ளத்தில் வீழ்ந்தது. இத்துணை ஒற்றுமை இருந்தும், மங்களூரில் 166 பேருள் 158 பேர் மாண்டனர். கோழிக்கோட்டில் 190 பேருள் மாண்டோர் 21 பேர். இவ்வேற்றுமையை விதியின் தலையிற் சுமத்துமுன் நிலத்தைச் சற்று நோக்குக. மங்களூரில் பாதை முடிவுக்கு அப்பால், இறங்கும் விமானத்துக்கு வானொலியால் நெறி காட்டும் கருவியைத் தாங்கியதொரு கான்கிரீட் மேடை இருந்தது. விமானத்தின் இறக்கை அதன்மேல் மோதிற்று. விமானத்தின் எரிநெய் சேமிக்கப்படும் இடம் இறக்கையே என்பதை நினைவிற் கொள்க. பள்ளத்தில் வீழ்ந்ததனைத் தீ சூழ்ந்துகொண்டது. பிழைத்த எண்மரும் உடைந்த பிளவின் வழியே வெளிப்பட்டோர். இறந்தோருள் சிலரை இன்னாரென்று அறிய மரபணுச் சோதனை வேண்டியதாயிற்று. கோழிக்கோட்டில் விமானத்தின் உடல் பிளந்தது, எரிநெய் கசிந்தது, ஆயின் தீப்பற்றவில்லை. பெருந்தொற்றால் ஒருவரை ஒருவர் தீண்டவும் அஞ்சிய நாட்கள் அவை. எனினும் கொண்டோட்டி ஊரார் கொட்டும் மழையிற் கூடி, காயமுற்றோரைத் தம் வண்டிகளில் ஏற்றி மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்றனர். அவர் வந்தமைக்கும், வந்து தொட இயன்றமைக்கும், தீயின்மையே வழி விட்டது.

ஓடுபாதையின் எல்லைக்கு அப்பால் நிற்கும் பொருள் எதுவும், விமானம் மோதினால் தான் முறிந்து வழிவிடுமாறு அமைதல் வேண்டும். அதனினும் மேலான வழியும் ஒன்று உண்டு. மிதித்தால் நொறுங்கும் மெல்லிய கான்கிரீட்டாற் பாதையின் முடிவில் ஒரு படுகை இடுகின்றனர். சேற்றில் இறங்கிய வண்டிச்சக்கரம்போல் விமானத்தின் சக்கரம் அதனுட் புதைந்து நிற்கும். நியூயார்க் நகரின் கென்னடி நிலையத்தில் அமைந்த அத்தகைய படுகை, 1999-ஆம் ஆண்டு பாதை கடந்து ஓடிய சிறு விமானம் ஒன்றை நிறுத்திற்று. அதில் இருந்த 30 பேரும் உயிரோடிருந்தனர். குன்றின்மேற் பாதை அமைக்கும் நாட்டுக்கு இப்படுகை அணிகலன் அன்று.

இனி, இவ்வாராய்ச்சி தோன்றிய வரலாறு சிறிது கூறுவோம். 1917-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் அரச பறக்கும் படையிற் பயின்றுவந்த ஹியூ டி ஹேவன் என்னும் இளைஞர் ஏறிய விமானம் வேறொன்றோடு வானில் மோதி வீழ்ந்தது. அவர் பிழைத்தார், ஆயினும் வயிற்றினுள்ளே கொடுங்காயம். தம்மைக் காக்கக் கட்டிய இடைவாரின் கூரிய கொக்கியே அக்காயத்தைச் செய்தது என்று அவர் கருதினார். காத்ததும் அதுவே, குத்தியதும் அதுவே. இவ்வெண்ணம் அவரை விட்டு அகலவில்லை. 1942-ஆம் ஆண்டு, 50 அடி முதல் 150 அடி வரை உயரத்தினின்று வீழ்ந்தும் மாளாத எண்மரைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வரைந்தார். அவர்களை ஊர் மக்கள் அற்புதம் என்றனர். டி ஹேவன் அளவுகோலோடு அவ்விடங்களை நோக்கினார். புதிதாய்க் கிளறிய தோட்ட மண்ணோ, நசுங்கும் தகடோ, ஏதேனும் ஒன்று சில அங்குலமாவது வளைந்து கொடுத்திருந்தது. கணக்கு எளியதே. 50 அடி வீழ்ந்தவன் அரை அடித் தொலைவுக்குள் நிறுத்தப்படின் தன் எடையின் ஏறக்குறைய நூறு மடங்கு விசை அவனைத் தாக்கும். ஐந்தடித் தொலைவில் நிறுத்தப்படின் பத்து மடங்கே. கொல்வது வீழ்ச்சியன்று, நிற்கும் விதம்.

பின்னர் அவர் பிரயாணிகளைப் பொதி கட்டும் முறையோடு ஒப்பிட்டுப் பேசினார். நம்மூர் வளையற்காரர் இதனை நன்கறிவர். பெட்டி எளிதில் திறவலாகாது. உள்ளிருக்கும் வளையல் அசையலாகாது. அதனருகே கூரிய பொருள் இருத்தலாகாது. பெட்டிக்குள் திணித்த வைக்கோல் தான் நசுங்கி அடியை ஏற்றல் வேண்டும். இந்நான்கும் அமைந்தால் வண்டி குடைசாய்ந்தும் வளையல் உடையாது. கண்ணாடிக்கு நாம் செய்துவந்த உபசாரத்தை மனிதனுக்கும் செய்க என்றதே அவர் கூற்றின் சாரம். வழியில் மாங்கனிக் கூடையையும் மனிதர் திணிந்த பேருந்தையும் ஒருங்கே கண்டவர், எது கருத்தோடு அடுக்கப்பட்டது என்று தாமே கூறுவர்.

மனிதவுடல் எத்துணை தாங்கும் என்பதனைத் தம் உடலைக்கொண்டே அளந்தவர் ஜான் ஸ்டாப் என்னும் அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1954 டிசம்பர் 10-ஆம் நாள், நியூ மெக்சிகோப் பாலைநிலத்தில் இருப்புப்பாதைமேல் ஓடும் ராக்கெட் வண்டியில் தம்மை வாரால் இறுகப் பிணித்துக்கொண்டு, மணிக்கு 632 மைல் வேகத்திற் சென்று, ஒன்றரை வினாடிக்குள் நிறுத்தப்பட்டார். அவருடலைத் தாக்கியது எடையின் 46 மடங்கு விசை. கண்களிற் குருதி கட்டிப் பார்வை மறைந்து, பின் மீண்டது. அதன்பின் அவர் 1999 வரை வாழ்ந்து 89-ஆம் வயதில் இயற்கையாக இறந்தார். அந்நாளைய விமான இருக்கைகளோ ஒன்பது மடங்குக்கே உறுதி கோரப்பட்டவை. உள்ளிருப்பவன் தாங்குவான், அவன் அமர்ந்த நாற்காலி தாங்காது என்னும் விந்தை இதனால் வெளிப்பட்டது. இருக்கை பதினாறு மடங்கு தாங்கவேண்டும், அதுவும் பொம்மையை அமர்த்தி மோதவிட்டுச் சோதித்தல் வேண்டும் என்னும் விதி அமெரிக்க நாட்டில் 1988-இல் பிறந்தது. ஆயின் அது புதிதாக வரையப்படும் விமான வகைகளுக்கே உரியது. பழைய வகையாயினும் புதிதாகக் கட்டப்படும் பிரயாணி விமானம் ஒவ்வொன்றிலும் அத்தகைய இருக்கை இருந்தே தீரவேண்டும் என்றதோ 2009 அக்டோபர் முதற்கொண்டே. இடையில் 21 ஆண்டுகள்! அறிதலுக்கும் செய்தலுக்கும் இடையே கிடக்கும் இவ்வெளியிற்றான் மக்கள் மாள்கின்றனர் என்பது எம் கருத்து.

இரண்டாம் பாதி விசாரணை எத்தகையது என்று அறிய விரும்புவோர் இங்கிலாந்தின் கெக்வொர்த் விபத்தை நோக்குக. 1989 ஜனவரி 8-ஆம் நாள் இரவு, 126 பேரோடு சென்ற விமானத்தின் இடப்பக்க எஞ்சின் பழுதுற்றது. விமானிகள் நல்ல நிலையிலிருந்த வலப்பக்க எஞ்சினை நிறுத்திவிட்டனர். விமானம் ஓடுபாதையை எட்டாமல் நெடுஞ்சாலைக் கரையில் மோதி மூன்றாக உடைந்தது. 47 பேர் இறந்தனர். உலகம் இன்றளவும் நினைவிற் கொண்டிருப்பது தவறான எஞ்சினை நிறுத்திய செய்தியையே. அதனினும் பயனுடையதென யாம் கருதுவது, மருத்துவரும் பொறியியலாரும் கூடி, ஒவ்வோர் இருக்கையாக எடுத்து, அங்கிருந்தவர்க்கு நேர்ந்த காயம் யாது, அதனைச் செய்த பொருள் யாது என்று பொருத்திப் பார்த்த உழைப்பு. தளம் பெயர்ந்து இருக்கைகள் முன்னே குவிந்த பகுதிகளிற் சாவு மிகுந்திருந்தது. தலைக்கு மேலே மூட்டை வைக்கும் பெட்டிகள் ஏறக்குறைய யாவும் கழன்று வீழ்ந்திருந்தன. முன்னிருக்கையில் மோதி முறிந்த கால்கள் பல. கால் முறிந்தவன் தீ வந்தால் எழுந்தோடுவது எங்ஙனம்? அன்று தீ பரவாமை அவர்கள் பேறு. மோதும் வேளையில் தலையைக் குனிந்து முன்னிருக்கையோடு சேர்த்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே தரையில் ஊன்றி அமர்க என்று இன்று நமக்குக் காட்டப்படும் படம், அந்நாற்பத்தெழுவர் சாவினின்றும் அவர்களோடு சென்று பிழைத்தோர் காயங்களினின்றும் கற்ற பாடத்தின் பயன். பணிப்பெண் அப்படத்தைக் காட்டுகையில் நாம் சன்னலுக்கு வெளியே முகிலை நோக்குகின்றோம்.

மோதலிற் பிழைத்தாரைக் கொல்வது தீயும் புகையும். 1980 ஆகஸ்ட் 19-ஆம் நாள் ரியாத் நகரில் தீப்பற்றிய ஒரு விமானம் ஓடுபாதையிற் செவ்வனே இறங்கி நின்றது. எவர்க்கும் அடிபடவில்லை. கதவு காலத்தில் திறவாமையால் உள்ளிருந்த 301 பேரும் இறந்தனர். 1985 ஆகஸ்ட் 22-ஆம் நாள் மான்செஸ்டரில் தரையை விட்டு எழாத விமானத்தில் 55 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோரைக் கொன்றது நச்சுப்புகை. அங்கே ஒரு கதவு முதலில் திறவாது சிக்கிற்று. இறக்கைமேல் உள்ள கதவைத் திறக்கப் பிரயாணி ஒருவர் அறியாது தடுமாறினார். முன்வாயிலை நெருங்கும் இடைவழி குறுகியதாதலின் மக்கள் ஒருவர்மேல் ஒருவர் நெருங்கி அடைபட்டனர். பின்னர்க் கிரான்பீல்டு என்னுமிடத்தில் ஹெலன் மூயிர் என்னும் உளவியல் அறிஞர் இந்நெருக்கத்தை ஆராய்ந்த முறை சுவையுடையது. நிறுத்திவைத்த விமானத்தில் மக்களை அமர்த்தி, முதலில் வெளியேறும் பாதிப்பேருக்கு ஆளுக்கு ஐந்து பவுன் பரிசு என்று அறிவித்தார். அவ்வளவே, கண்ணியவான்கள் இருக்கைகள்மேல் ஏறிப் பாய்ந்தனர். ஐந்து பவுனுக்கு இங்ஙனமாயின் உயிருக்கு எங்ஙனம் என்று கூறவேண்டுவதில்லை. வழியின் அகலம், கதவருகே விடவேண்டிய இடம் முதலியன இத்தகைய சோதனைகளால் அளந்து அறியப்பட்டன. தரையோரம் ஒளிரும் விளக்கு வரிசை, தீ எளிதிற் பற்றாத இருக்கை உறை, கதவுகளிற் பாதியை மட்டும் கொண்டு இருளில் 90 வினாடிக்குள் அனைவரும் வெளியேறுதல் இயலும் என்று காட்டினாலன்றிப் புதிய விமான வகைக்கு இசைவு இல்லை என்னும் விதி ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் சாவு நிற்கின்றது.

இவற்றின் பயனை 2024 ஜனவரி 2-ஆம் நாள் தோக்கியோவின் ஹானேடா நிலையத்தில் உலகம் கண்டது. இறங்கிய பெரிய விமானம், ஓடுபாதையில் நின்ற கடற்காவற் படையின் சிறு விமானத்தின்மேல் மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்தில் இருந்த அறுவருள் ஐவர் மாண்டனர்; முதல்நாள் நிலநடுக்கத்தில் துயருற்றோர்க்கு உதவிப்பொருள் கொண்டுசெல்ல இருந்தவர் அவர். பெரிய விமானத்தில் இருந்தோர் 379 பேர். ஒலிபெருக்கி பழுதுற்றது, எட்டு வாயில்களுள் மூன்றே பயன்பட்டன. எனினும் 379 பேரும் உயிரோடு வெளியேறினர். பணியாளர் எந்தக் கதவுக்கு வெளியே தீ உண்டு என்று நோக்கி நோக்கித் திறந்தனர். மூட்டைகளை விட்டு வருக என்றபோது பிரயாணிகள் விட்டு வந்தனர். இதனையும் அற்புதம் என்றே தலைப்பிட்டன பல தாள்கள். நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு அச்சொல் சற்றுக் கசந்திருக்கும்.

இத்துணையும் அறிந்த உலகம் இன்னும் தீர்க்காது விட்ட வழக்கு ஒன்று உண்டு. அது குழந்தையைப் பற்றியது. 1989 ஜூலை 19-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் சூ சிட்டி நகரில் கட்டுப்பாடிழந்த விமானம் ஒன்று இறங்க முயன்று உடைந்து எரிந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். இரண்டு வயது நிரம்பாமையால் தனி இருக்கையின்றி மடியில் வந்த மகவுகள் நான்கு. அந்நாளைய நெறிப்படி, அம்மகவுகளைத் தாயார் காலடியில் தரையிற் கிடத்துமாறு பணிப்பெண்களின் தலைவி கூறினார். அந்நால்வருள் ஒருவன் மாண்டான். தன் மகவைத் தேடி எரியும் விமானத்துக்குள் மீண்டும் நுழைய முயன்ற தாயை வாயிலில் தடுத்தவரும் அத்தலைவியே. மகவுக்கும் தனி இருக்கையும் வாரும் வேண்டும் என்று அவர் பின்னர்ப் பல்லாண்டு வழக்காடினார். பாதுகாப்பு வாரியமும் 1990-இல் அதனையே பரிந்துரைத்தது. விதி செய்யும் விமான ஆட்சித்துறை இணங்கவில்லை. அத்துறை கூறிய காரணம் இது: மகவுக்கும் சீட்டு வாங்குக என்று கட்டாயப்படுத்தினால், பொருளில்லாத பெற்றோர் பலர் விமானத்தை விட்டுத் தரைவழியே காரிற் செல்வர், சாலையோ வானத்தினும் கொடியது, ஆகவே ஒரு மகவைக் காத்துப் பல மகவுகளை இழப்போம்.

இவ்வாதத்தைக் கல்நெஞ்சம் என்று தள்ளுதல் எளிது. யாம் தள்ளோம், கணக்கின்மேல் நிற்கும் வாதத்தைக் கண்ணீரால் மறுத்தல் இயலாது. ஆயின் அக்கணக்கு விடை கூறுவது, கட்டாயப்படுத்தலாமா என்னும் ஒரு வினாவுக்கே. பெற்றோர்க்கு உண்மையை உரைக்கலாமா என்னும் வினா அதற்குப் புறம்பானது. பத்துக் கிலோ எடையுள்ள மகவு, பதினாறு மடங்கு விசை தாக்கும் அக்கணத்தில் 160 கிலோ ஆகும். அதனைப் பற்றி நிற்கும் கை எந்தத் தாய்க்கும் இல்லை. தாயின் வாரோடு மகவுக்கும் ஒரு சிறு வார் இணைக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. முன்னே மடியும் தாயின் உடலே மகவை நெரிக்கும் என்று அஞ்சி அமெரிக்க நாடு அதனைத் தடுத்திருக்கின்றது. நம் நாட்டிலும் இரண்டு வயது நிரம்பாத மகவை மடியில் வைத்துச் செல்ல இன்றும் இடம் உண்டு. சீட்டு விற்குமிடத்தில் மகவுக்குக் கட்டணம் எவ்வளவு குறையும் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றது. பொருள் உள்ளவர் தனி இருக்கை வாங்கி மகவுக்குரிய நாற்காலியை அதிற் கட்டுதல் நன்று என்னும் ஒரு வரியை அதன்கீழ் அச்சிட எவருக்கும் ஒரு காசும் செலவில்லை. எம் அறிவுக்கு எட்டியவரை, கட்டணத்தின் கீழே அவ்வரியை யாம் கண்டதில்லை.